அடிப்பலகையில் கறை இல்லை

செவ்வாய்க்கிழமை காலை 7.10.

லோரென்ஸ் ஷாவுபை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். கரடி கைவைத்த உடம்பு. போர்வையை நெற்றி வரைக்கும் இழுத்து மூடியிருந்தார்கள். அவன் மனைவி ஏவா அதை விலக்கப் போனபோது நான்கு பேர் சேர்ந்து தடுத்தார்கள். பின்னால் அவன் அண்ணன் டோபியாஸ் நடந்து வந்தான். அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஊர்க்கண்ணை உறுத்தியது அதுதான்.

நடந்தது இவ்வளவு. திங்கள் மாலை இரண்டு பேரும் கரடி வேட்டைக்குப் போனார்கள். லோரென்ஸ் சுட்டான். குண்டு பட்ட கரடி திரும்பி அவன் மேல் விழுந்தது. பத்தடி தள்ளி நின்ற டோபியாஸின் துப்பாக்கி வெடிக்கவே இல்லை. தம்பியின் குண்டில்தான் கரடி கடைசியில் செத்தது, தம்பியை முடித்த பிறகு.

இதற்குப் பத்து நாள் முன்னால், வாய்க்கால் தண்ணீர்த் தகராறில், மாதாகோயில் வாசலில் ஊரே பார்க்க டோபியாஸ் கத்தியிருந்தான், உன்னைக் கரடி தின்றால்தான் எனக்கு நிம்மதி என்று. ஊர் சும்மா இருக்குமா? விடியும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டது.

காலை 8.40.

நீதவான் கேல்பிரெய்த் டோபியாஸை அழைத்துக்கொண்டு ரெகினா ஹாஃப்னரின் பட்டறைக்கு வந்தார். ரெகினா துப்பாக்கிக் கொல்லர் காஸ்பரின் விதவை. இருபது வருஷம் கணவன் பக்கத்தில் நின்று அரம் பிடித்தவள். அவர் இறந்த பிறகு பதினாலு மாதமாகப் பட்டறையைத் தனியாக நடத்துகிறாள். பென்சில்வேனியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு துப்பாக்கி ஏன் மக்கர் பண்ணுகிறது என்பதை அவளைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது.

நீதவான் தன் சொந்தத் துப்பாக்கியை மேசையோரம் நிமிர்த்திச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். போன சனிக்கிழமை ரெகினாவிடம் பழுது பார்த்து வாங்கிப் போனது; இன்னும் ஒரு வெடி வைக்கவில்லை. அதே சனிக்கிழமைதான் டோபியாஸும் தன்னுடையதை வாங்கிப் போனான்.

"மருந்தே போடாம வெறும் குண்டை இறக்கியிருப்பான்னு ஊர்ல பேசிக்கிறாங்க," என்றார் நீதவான். "நீ திறந்து பாரும்மா. ரெண்டு மணிக்கு விசாரணை. கொலைன்னு முடிவாச்சுன்னா, நாளைக்கே சன்பரி ஜெயிலுக்கு அனுப்பணும். அப்புறம் தூக்குதான்."

ரெகினா துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். சிக்கிமுக்கிக் கல் கூராக இருந்தது. அது உரசும் எஃகுத் தகட்டில் புதிய கீறல்கள். தகட்டுக்குக் கீழே மருந்துக் கிண்ணி கரி பிடித்துக் கிடந்தது. டோபியாஸின் வலது புருவம் பாதி பொசுங்கியிருந்தது.

"எத்தனை தரம் விசைய இழுத்த?"

"மூணு தரம்க்கா."

"பொறி?"

"நல்லாப் பறந்துச்சு. கிண்ணி மருந்தும் குபுக்குனு பத்துச்சு. உள்ளதான் போகல."

"கிண்ணியிலேருந்து குழலுக்குள்ள நெருப்புப் போற துளையைக் குத்திவிட்டியா?"

"ஊசி வெச்சுக் குத்தினேன். ரெண்டு தரமும்."

"மருந்து எப்ப கெட்டிச்ச?"

"சனிக்கிழமை. உங்ககிட்ட வாங்கின கையோட, உங்க வாசல்லயே."

"குழலைத் துடைச்சியா?"

"உங்க பட்டறைத் துப்பாக்கிய எதுக்குக்கா துடைக்கணும்?"

நியாயமான கேள்விதான். ஹாஃப்னர் கையிலிருந்து வாங்கினால் அப்படியே மருந்து கெட்டிக்கலாம் என்பது இருபது வருஷத்துப் பெயர்.

வீட்டில் குழலுக்கு என்ன பூசுவாய், எப்படி வைப்பாய் என்று கேட்டாள். ஆட்டுக்கொழுப்பு, கதவுக்கு மேல் மான்கொம்பில் படுக்கைவாட்டில் என்றான். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னான்.

"இடுப்புல கத்தி இருந்துச்சுக்கா. உருவியிருக்கலாம். இன்னும் ஒரு தரம், இன்னும் ஒரு தரம்னு இந்தச் சனியனையே தட்டிக்கிட்டு நின்னுட்டேன். அவன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். நான் சொன்ன சொல்லு பலிச்சிருச்சு. என்னைத் தூக்குல போட்டுடுங்க."

ரெகினா திருகாணி முனை வைத்த கோலைக் குழலுக்குள் விட்டுக் குண்டைத் துளைத்து வெளியே இழுத்தாள். குழலைக் கவிழ்த்துத் தட்டினாள். வெள்ளைக் காகிதத்தில் மருந்து கொட்டியது, முழு அளவு. ஊரின் முதல் பொய் அங்கேயே செத்தது.

ஆனால் முதலில் விழுந்த மருந்துதான் பொலபொலவென்று இருந்தது. அடியில் இருந்தது வரவில்லை. சுரண்டி எடுத்தபோது கறுப்புப் பிசினாக வந்தது. ஊசித் துளை இருக்கும் இடமும் அதே அடிக்குழல்தான்.

"நனைஞ்சிருக்கு," என்றார் நீதவான். குரலில் நிம்மதி தெரிந்தது. "ஞாயித்துக்கிழமை மழையாச்சே."

ரெகினா பிசினை விரலில் உருட்டி மோந்து பார்த்தாள். காகிதத்தில் அது இருந்த இடம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவத் தொடங்கியிருந்தது. அவள் கண் மெதுவாகச் சுவரோரம் போனது. அங்கே பழுது பார்த்த ஏழு துப்பாக்கிகள் வாய் கூரையைப் பார்த்தபடி சட்டத்தில் வரிசையாக நின்றன. அவற்றின் கீழே அடிப்பலகை. காஸ்பர் காலத்தில் அதில் வட்ட வட்டமாகக் கறை இருக்கும். அவர் இறந்த மாதம் அவள் அதைத் தேய்த்துக் கழுவினாள். இன்று வரை ஒரு புதுக் கறை இல்லை. அவ்வளவு சுத்தமாக வைத்திருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

நீதவான் அவளைத் தனியே அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். மருந்து நனைந்துவிட்டது, டோபியாஸ் அஜாக்கிரதை, கொலை இல்லை என்று சொல்லிவிடு. அவன் கழுத்து தப்பும், ஊரும் அடங்கும் என்றார். நல்ல மனிதர், நல்ல யோசனை. எல்லாருக்கும் சௌகரியம். அஜாக்கிரதையால் தம்பியைச் சாகவிட்டவன் என்ற பாரத்தை ஒருவன் ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றாள் ரெகினா.

பகல் 11.30.

அவள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இலையுதிர் காலத்தில் நான்கு பேர் வந்து ஒரே குறையைச் சொன்னது ஞாபகம் வந்தது. முதல் வெடி மட்டும் பற்றவில்லை, அப்புறம் சரியாகிவிடுகிறது. நான்கு பேரிடமும் கல்லைத் தீட்டு, போ என்று சிரித்து அனுப்பியிருந்தாள். பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற குத்தல்தான் அது என்று நினைத்துக்கொண்டாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர்கள் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால்?

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பேசினால் நாளை முதல் இந்தப் படியை யார் மிதிப்பார்கள்? பெண் நடத்தும் பட்டறைதானே என்று காத்திருந்த வாய்களுக்கு அவல் கிடைத்த மாதிரி. அவள் இதையெல்லாம் நினைத்தாள். நினைக்கவில்லை என்று அவளே பின்னால் சொல்லிக்கொள்ள முடியாதபடி நன்றாகவே நினைத்தாள்.

பிற்பகல் 2.00.

சத்திரத்தின் பெரிய கூடம். விசாரணைக்குப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏவா முன் பெஞ்சில். டோபியாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரெகினா எழுந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். புருவம் பொசுங்கியிருக்கிறது, கிண்ணி கரியாகியிருக்கிறது. ஆகவே விசையை இழுத்தது உண்மை. மருந்து முழு அளவு இருந்தது. ஆகவே வெறும் குண்டு என்பது பொய். அடிமருந்து கெட்டுப்போயிருந்தது, துளை வழியாக வந்த நெருப்பு அதில் பட்டு அணைந்துவிட்டது. இவன் ஊசியால் நூறு தரம் குத்தியிருந்தாலும் பிசினைத்தான் குத்தியிருப்பான்.

"தண்ணிதானே?" என்றார் நீதவான், எடுத்துக்கொடுப்பது போல.

"தண்ணி இல்லீங்கய்யா. எண்ணெய்."

கூடத்தில் சலசலப்பு. டோபியாஸ் வீட்டில் ஆட்டுக்கொழுப்புத்தான், இந்தக் குளிருக்கு அது கட்டியாக உறைந்து கிடக்கும், வழியாது என்றாள். இது குளிரிலும் ஓடும் திமிங்கில எண்ணெய். இந்தப் பள்ளத்தாக்கில் அதை வைத்திருப்பது ஒரே ஒரு இடம்.

பிறகு மூலையில் நிமிர்த்தி வைத்திருந்த நீதவானின் துப்பாக்கியைக் கேட்டு வாங்கினாள். விசாரணைத் தாள் ஒன்றை மேசையில் விரித்து, குழலின் வாய் தாளைப் பார்க்கும்படி தலைகீழாகப் பிடித்தாள். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது. மூன்று நிமிடம். ஐந்து. அவள் கனம் தாங்காமல் கை மாற்றிப் பிடித்தபோது முதல் சொட்டு விழுந்தது. தாளில் வட்டமாகப் பரவியது. பிறகு இன்னொன்று.

நீதவானின் முகம் வெளுத்துவிட்டது.

"துருப்பிடிக்காம இருக்க எல்லாக் குழலுக்கும் எண்ணெய் விடுறது வழக்கம்," என்றாள் ரெகினா. "காஸ்பர் வாயைக் கீழ பார்த்து நிறுத்துவாரு. மிச்சம் பலகையில சொட்டிடும். நான் திருப்பி வெச்சேன். பதினாலு மாசமா என் பலகையில ஒரு கறை இல்ல. வடியாத எண்ணெய் எங்க போச்சுன்னு நான் ஒரு நாளும் கேக்கல. அடிக்குழல்லதான் தேங்கி நின்னுச்சு. லோரென்ஸைக் கொன்னது டோபியாஸ் இல்ல. நான்."

"ஏன் திருப்பி வெச்ச?" நீதவானால் அவ்வளவுதான் கேட்க முடிந்தது.

"காஸ்பரைப் புதைச்ச அன்னைக்கு ஊர்ப்படை ஆளுங்க எல்லாரும் சாவு மரியாதைக்குத் துப்பாக்கியத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அதுக்கப்புறம் பட்டறையில அப்படிப் பாக்க முடியல. தினம் காலையில சாவு வீட்டுக்குள்ள நுழையுற மாதிரி இருந்துச்சு."

டோபியாஸ் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான். பன்னிரண்டு பேரும் விபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவள் பெயரை அதில் எழுத நீதவானுக்குக் கை வரவில்லை. அவள்தான் பக்கத்தில் நின்று எழுத வைத்தாள்.

வாசலில் ஏவா அவளுக்காகக் காத்திருந்தாள். அழுத முகம் இல்லை அது. அழுகையெல்லாம் வற்றிப்போன முகம். ரெகினா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ஏவா கேட்க விரும்பவில்லை.

"அன்னைக்கு உங்க வீட்டுக்காரருக்குத் துப்பாக்கியக் கவுத்துப் பிடிச்சவங்கள்ல என் லோரென்ஸும் ஒருத்தன், தெரியுமாக்கா? கை மரத்துப்போச்சுன்னு ராத்திரி வந்து சொன்னான்."

ரெகினாவுக்கு அது தெரியாது. அன்று அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அவனுக்குப் பிடிப்பாங்க," என்றாள் ஏவா. "நீங்க வரணும். கண்ணை மூடாமப் பாக்கணும்."

புதன்கிழமை காலை 10.00.

கல்லறை மேட்டில் எட்டுப் பேர் வாய் கீழே பார்க்கத் துப்பாக்கி பிடித்து நின்றார்கள். ஒன்பதாவது இடத்தில் டோபியாஸ் வெறுங்கையோடு நின்றான். ரெகினா கடைசி மண் விழும் வரை ஒவ்வொரு குழலாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டத்திலிருந்த ஏழு துப்பாக்கிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி நிறுத்தினாள். வியாழக்கிழமை விடிந்து பார்த்தபோது பலகையில் ஏழு கறைகள் இருந்தன. கை தானாகத் துணியை எடுக்கப் போனது. எடுத்த துணியை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, வேலையைப் பார்க்க உட்கார்ந்தாள்.