சாமந்தித் தூசி

அம்பத்தூர் எஸ்டேட்டில் கதவு செய்யும் அந்தப் பட்டறைக்குள் நான் நுழைந்த முதல் நாள், ஐப்பசி மழை தகரக் கூரையில் சல்லிக்கல் மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. காலை நேரம்தான். ஆனாலும் டியூப்லைட் இல்லாமல் முகம் தெரியாத இருட்டு. தேக்குத் தூசி, பசை, நனைந்த சாக்கு, மூன்றும் கலந்த வாடை.

வேலை வாங்கிக் கொடுத்தது அண்ணன் செல்வகுமார். அங்கே அவன்தான் ஃபோர்மேன். எங்கள் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. என்னை இஞ்சினியரிங் படிக்க வைத்தவன் அவன். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தே வளர்ந்தேன். முட்டாள்.

"வாம்மா இஞ்சினியரு," என்றான். "மெயின்டனன்ஸ் உன்னுது. எல்லா மிஷினும் பாத்துக்க. அந்த சேண்டர மட்டும் சாப்பாட்டு பெல்லுக்கு அப்பால ஓட்டாத."

"இன்னாத்துக்கு?"

"சொன்னா கேளு யுவி."

மூலையில் கட்டில் நீளத்துக்கு நின்றது அது. இரண்டு உருளை, அவற்றைச் சுற்றி ஓடும் உப்புத்தாள் பெல்ட். கதவுச் சட்டத்தை அதில் காட்டினால் கன்னம் மாதிரி வழவழப்பாகிவிடும்.

அதில்தான் ரேணுகா செத்தாள்.

மேனாம்பேட்டில் எங்களுக்குப் பக்கத்து வீடு அவள். பள்ளியில் என் வகுப்பு. இந்தப் பட்டறையில்தான் வேலை பார்த்தாள். போன ஆயுத பூஜையன்று எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு, தலைக்குக் குளித்த முடியை விரித்துவிட்டபடி, விளையாட்டாக மிஷினைப் போட்டாளாம். முடி மாட்டிக்கொண்டதாம். ஓடி வந்து ஸ்விட்சை அணைத்தது என் அண்ணன். பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். ஊரே நம்பியது. நானும் நம்பினேன்.

அவளுடைய அம்மா தாயம்மா மறுவாரமே கத்தரிக்கோலால் தன் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. "ஈரமா கீதே, அப்பிடியே விட்டுகினு போடின்னு நான்தான் சொன்னேன். ஜட போட்டு அனுப்பியிருந்தா என் பொண்ணு பொயச்சிருப்பால்ல யுவி?"



அன்றைக்கு முதல் வேலையாகச் சேண்டரை எடுத்தேன். நெம்புகோலைத் தளர்த்திப் பழைய பெல்ட்டைக் கழற்றினேன். புதுசின் உள்பக்கத்து அம்புக்குறி ஓடும் திசையைப் பார்க்கும்படி மாட்டினேன். தலைகீழாக மாட்டினால் ஒட்டுப் பிரிந்து அறுந்து அடிக்கும். ஓரத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பெல்ட் உருளையின் நடுவில் ஓடும்படி வைத்தேன். அருமையாக ஓடியது.

சாப்பாட்டு பெல் அடித்தது. பெல்ட் நடுவை விட்டு நகர ஆரம்பித்தது.

இடப்பக்கம். ஓட்டுகிற ஆள் நிற்கும் பக்கம்.

திருகைத் திருப்பினேன். நடுவுக்கு வந்தது. மறுபடி இடப்பக்கம். அந்தப் பக்கம் யாரோ நின்று பெல்ட்டைத் தன்னை நோக்கி இழுக்கிற மாதிரி. அணைத்துவிட்டுத் தூசிப் பையைக் கழற்றி உதறினேன்.

பழுப்புத் தூசிக்கு நடுவில் மஞ்சள்.

சாமந்தி இதழ். காய்ந்ததில்லை. ஈரமாக, அப்போதுதான் கிள்ளிய மாதிரி.

பட்டறையில் பூ கிடையாது. பூஜை முடிந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. பையைச் சுத்தமாகத் தட்டி மாட்டினேன். அடுத்த நாள் பெல்ட் ஓடுவதற்கு முன்பே அவிழ்த்துப் பார்த்தேன்.

ஒரு கைப்பிடி இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மழைக்கு கரண்ட் போனது. ஆட்கள் டீ குடிக்க வெளியே போயிருந்தார்கள். மதியம்தான், ஆனால் மேகம் கவிந்து சாயங்காலம் மாதிரி இருந்தது. சேண்டரின் பிளக்கைப் பிடுங்கி, வயர் நைந்திருக்கிறதா என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ஸ்ஸ்.

பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

மெதுவாக. யாரோ துணி இழுப்பது போல.

பிளக் என் கையில்.

சந்தன வாசனை வந்தது. பின்னாலேயே பூ கருகும் வாசனை. இடப்பக்கத்து இரும்பு மூடிக்குள்ளிருந்து ஏதோ தட்டியது. ஓடிவிட வேண்டும் என்றுதான் கால் சொன்னது. கை ஸ்பேனரை எடுத்தது. மூடியைக் கழற்றினேன்.

உருளையின் அச்சில் வாழைநார். இறுக்கமாகச் சுற்றி, கருகி, நடுநடுவே ஜிகினா நூல். பூஜை மாலையின் நார். விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன்.

அதில் ஒரு முடிகூட இல்லை.

காதுக்குப் பக்கத்தில், மூச்சு படுகிற தூரத்தில், அவள் குரல்.

"செல்வாண்ணா... மால வியுது..."

பின்னால் ஏதோ கீழே விழுந்தது. திரும்பினேன். வாசலில் அண்ணன். அவன் காலடியில் டீ கிளாஸ் உடைந்து கிடந்தது. அவனுக்கும் கேட்டிருந்தது.

"எந்த மாலண்ணா?"

மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். "அன்னிக்கே லோடு போவணும்னாரு மொதலாளி. பூஜ போட்ட மிஷினாச்சே, மாலய கயட்டிட்டு ஓட்டலாம்னேன். நாளைக்குக் காலைலதான் கயட்டணும், சாமி குத்தம்னாரு. ரேணுகாவ மாலயோடவே ஓட்டச் சொல்லிட்டேன்."

"சாமிக்கு மாலயக் கயட்டக்கூடாது. ஆனா லீவு நாள்ல மிஷின ஓட்டலாம். நல்லா கீதுண்ணா உங்க சாமி."

"மால சரிஞ்சுது. சாமி மால, கால்ல வியக்கூடாதேன்னு கை நீட்டிட்டா யுவி. நாரு கையச் சுத்திக்கினு உள்ள இயுத்துச்சு. தல போய் இரும்புல..."

"முடி?"

தலையைக் குனிந்தான்.

"முடி எங்க இருந்துச்சு?"

"கொண்ட போட்டு தொப்பிக்குள்ள."

"அந்த அம்மா மொட்டயா நிக்குது. அதோட மொகத்தப் பாத்துகினே அதோட ஊட்ல சோறு துன்னியே, எப்பிடிண்ணா எறங்குச்சு?"

"மொதலாளி சொல்லச் சொன்னாரு. உனக்கு வேல கேட்டுகினு இருந்தேன். அவரும் தரேன்னாரு."

ஓ. அப்படியா.

என் வேலை. நான் பெருமையாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த அடையாள அட்டை. அதற்கு விலை, ரேணுகாவின் முடி மேல் போட்ட பழி.

அன்றைக்கே அதைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு நேராகத் தாயம்மாவிடம் போனேன். எல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் கன்னத்தைத் தடவினாள்.

"எம்மேல பாவப்பட்டு சொல்ற கண்ணு. கண்ணால பாத்தவன் உங்கண்ணன். அவன் வந்து சொல்லட்டும், நம்புறேன்."

அவன் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

சேண்டரில் இப்போது பெல்ட் ஓரத்துக்கு நகர்வதே இல்லை, நூல் பிடித்த மாதிரி நடுவில் ஓடுகிறது என்று பட்டறை ஆட்கள் சொன்னார்கள். நகர்வது அண்ணன்தான். தெருவில் நேராக நடக்க முடியவில்லை. இடப்பக்கமாகவே ஒதுங்கி ஒதுங்கிப் போகிறான்.

இன்று மதியம் வீட்டில் எனக்கெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கோ சாப்பாட்டு பெல் அடித்தது. அவன் இடது கை தானாக எழுந்தது. விழப்போகிற எதையோ தாங்குவது போல, விரல்களை விரித்துக்கொண்டு காற்றில் நீண்டது. வலது கையால் பிடித்து இழுத்தான். வரவில்லை.

"யுவி," என்றான். "புடிம்மா."

"போய்ச் சொல்லுண்ணா," என்றேன். "பக்கத்து ஊடுதான்."

அவன் எழுந்திருக்கவில்லை. நான் பிடிக்கவும் இல்லை.

அவன் தட்டில், வெள்ளைச் சோற்றின் மேல், மேலேயிருந்து ஒவ்வொன்றாக மஞ்சள் இதழ்கள் விழுந்துகொண்டிருந்தன.