அப்பாவின் குதிகாலுக்கு நான் காவல்

எங்கள் அப்பா பெயின்டர். ஏணி இல்லாமலே கதவுக்கு மேலே பிரஷ் ஓட்டுகிற அளவுக்கு உயரம். வேலை முடிந்து வந்ததும், "வாடா வாண்டு!" என்று என்னைத் தூக்குவார். நான் கூரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்குவேன். கூரையில் அந்த ஒரு இடத்தில் மட்டும் என் கை அழுக்கு அப்பிக்கிடக்கும். அதற்காக அம்மா திட்டாத நாளே இல்லை.

அப்படிப்பட்ட அப்பா ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். வலது தோளில் எலும்பு முறிவு. கையை மடக்கி, கழுத்தோடு ஒரு பட்டையால் கட்டிவிட்டார்கள்.

எலும்பு கூடுகிறவரை காத்திருந்தோம். ஒருவழியாகப் பட்டையை அவிழ்த்தார்கள். அப்பா கையைத் தூக்கினார். அது நெஞ்சு வரைக்கும் வந்தது. அதோடு சரி! மேலே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"எலும்பு கூடிடுச்சுன்னு சொன்னீங்களே, டாக்டர்?" என்று அம்மா பதறினார்.

"எலும்பு நல்லாத்தாம்மா கூடியிருக்கு. கை பழையபடி வேலை செய்யணும்னா பிசியோதெரபி பண்ணணும்."

"கை தலைக்கு மேல போகலைன்னா நான் என்ன பெயின்டர்?" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால், வீடு வரும் வரை இடது கையால் வலது தோளைத் தடவிக்கொண்டே வந்தார்.

பிசியோதெரபிக்கு நானும் கூடவே போனேன். அறைக்குள் நுழைந்ததும் வாயைப் பிளந்தேன். மூலையில் ஒரு எலும்புக்கூடு நின்றது!

"பயப்படாத, பிளாஸ்டிக்தான். பல்லைக் காட்டும், கடிக்காது," என்றார் பயிற்சி கொடுக்கும் பிசியோ அக்கா. "இங்க வா, தோளைப் பாரு. கை எலும்போட தலை ஒரு பந்து மாதிரி இருக்கா? அது உக்கார்ற கிண்ணம் எவ்வளவு சின்னது பாத்தியா? சுத்தியிருக்கிற தசையெல்லாம் சேர்ந்துதான் அதை விழாம பிடிச்சிருக்கு. உடம்புல வேற எந்த மூட்டும் இந்த ஆட்டம் ஆடாது."

நான் என் கையைச் சுற்றிப் பார்த்தேன். மேலே போனது, பின்னால் போனது, ஒரு வட்டமே அடித்தது! இத்தனை நாளும் இது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் ஒரு தடவைகூட ஆச்சரியப்பட்டதில்லை.

"அப்பாவோட தோள் அசையாமலே இருந்ததால இறுகிப்போச்சு. அவசரப்படாம இளக்கணும்," என்றார் அக்கா.

அறையின் நடுவே, மறுபடி நடக்கப் பழகும் ஒரு லாரி டிரைவர் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால்கள் நடுங்கின. முகமெல்லாம் வியர்வை. எல்லோரும் அவர் காலையே பார்த்தார்கள். அவர் ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்தார். அவ்வளவுதான், எல்லோரும் கை தட்டினார்கள். ஒரே ஒரு அடிக்கு! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்பாவுக்குக் கொடுத்த பயிற்சி சுலபமாகத்தான் தெரிந்தது. சுவர் முன்னால் நின்று, எறும்பு ஏறுவதுபோல் விரல்களாலேயே சுவரில் மேலே மேலே ஏற வேண்டும்.

"கொஞ்சம் இழுக்கும், பரவாயில்ல. வலி தாங்கலைன்னா நிறுத்திடுங்க. குதிகால் மட்டும் தரையை விட்டு எழக் கூடாது. கொஞ்ச நேரம் செஞ்சாப் போதும், அண்ணே. ஆனா தினமும் செய்யணும்," என்றார் அக்கா.

தினமுமா? அப்பா தினமும் டிமிக்கி கொடுத்தார்! காலையில், "இன்னும் சாப்பிடலையே," என்பார். சாப்பிட்டதும், "இப்பத்தானே சாப்பிட்டேன்," என்பார். ஒருநாள் நான் விடாமல் நச்சரித்ததில் எழுந்துபோய்ச் சுவரில் விரலை வைத்தார். விரல் கிடுகிடுவென்று ஏறியது.

"அப்பா! ஜன்னல் பாதி உயரத்துக்குப் போயிடுச்சு!" என்று குதித்தேன். பிறகுதான் கீழே பார்த்தேன். மனிதர் நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, குதிகால்!"

அப்பா அசடு வழிந்தார். "பழக்க தோஷம்டா. எட்டாத இடம்னா பெயின்டர்ங்க இப்படித்தான் எட்டுவோம்."

அடுத்த முறை பிசியோ அக்காவிடம் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என்ன செய்தார் தெரியுமா? வாரம் முழுக்கச் செய்யாமல் விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் செய்து முடித்தார். காலையில் தோள் வீங்கிவிட்டது. அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"எனக்கு இது சரிப்பட்டு வராது. மேஸ்திரிகிட்ட வாட்ச்மேன் வேலை கேக்கப்போறேன்," என்றார் அம்மாவிடம். "பிரஷ் எல்லாத்தையும் சாக்குல போட்டு யாருக்காவது கொடுத்துடு."

அம்மா சாக்கை எடுத்தார். அந்தப் பிரஷ்களை அப்பா என்னைக்கூடத் தொட விடமாட்டார். அவ்வளவு ஆசை அவற்றின் மேல்!

சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"அப்பா, ஒரு சந்தேகம். சுவத்துல முதல் கோட் பெயின்ட் காயறதுக்குள்ள அடுத்தடுத்த கோட்டும் ஒரே நாள்ல அடிச்சா என்னப்பா ஆகும்?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எவன் அப்படி அடிச்சான்? பாளம் பாளமா உரிஞ்சு வந்துடும்!"

"நீங்கதான்பா. நேத்து சாயங்காலம், உங்க தோள்ல."

அப்பா குனிந்து தன் தோளைப் பார்த்தார். அடுப்படியில் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

வீக்கம் வடிந்து, அக்காவும் சரி என்றதும், மிச்சமிருந்த பச்சை பெயின்ட் டப்பாவைத் திறந்து அப்பாவிடம் நீட்டினேன்.

"கை எங்க நிக்குதோ, அங்க விரலாலேயே ஒரே ஒரு இலை வைங்க. போதும்."

அப்பா விரலைத் தோய்த்துச் சுவரில் ஏற்றினார். நெஞ்சுக்கு நேரே ஒரு இலை விழுந்தது.

"அட ராமா, சுவரு!" என்றார் அம்மா. "என்னடி கோலம் இது?"

"மருந்தும்மா," என்றேன்.

அப்பா தள்ளி நின்று பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "நடு சுவத்துல ஒத்தை இலையா? பாக்கவே சகிக்கலையே!"

"அப்போ நாளைக்கு இன்னொண்ணு வைங்க."

எனக்குத் தெரியும், அப்பாவால் அரைகுறை வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கவே முடியாது. சித்தி வீட்டுக்குப் போனபோது, சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய் அவர்கள் ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்தவர் அவர்.

அன்றிலிருந்து டிமிக்கி இல்லை. அப்பா இலை வைப்பார்; சுவரில் ஒரு கொடியே வளர்ந்தது. நான் தரையில் குப்புறப் படுத்து, கண்கொத்திப் பாம்பாக அவர் குதிகாலைக் காவல் காப்பேன். சில நாள் இலை மேலே ஏறாது, பழைய இலைக்குப் பக்கத்திலேயே விழும். அப்போது அப்பாவின் முகம் வாடும். "கொடின்னா பக்கவாட்டுலயும் படரும்பா," என்பேன். பிசியோ அக்கா இதைக் கேட்டுவிட்டு, "எனக்கு இப்படி ஒரு அசிஸ்டென்ட் கிடைக்கலையே!" என்று சிரித்தார். ஒவ்வொரு தடவையும் புதுப்புதுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்.

ஒரு சாயங்காலம். வழக்கம்போல் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தேன். மேலே அப்பாவின் விரல்கள் சுவரில் ஏறும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம்தான் நின்றது.

"ஏங்க..." என்றார் அம்மா. அந்தக் குரலே வேறு மாதிரி இருந்தது.

நான் நிமிரவில்லை. காவல்காரி கண்ணை எடுக்கலாமா? குதிகால் இரண்டும் ஆணி அடித்ததுபோல் தரையிலேயே இருந்தன.

"குதிகால் சரியா இருக்குப்பா," என்றேன்.

புரண்டு படுத்து மேலே பார்த்தேன். கை ஜன்னலைத் தாண்டிவிட்டது. தலையைத் தாண்டிவிட்டது! நேராக, முழுசாக நீண்டு நின்றது. விரல் நுனியில் ஈரம் காயாத ஒரு இலை. அப்பா அந்தக் கையை, யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர்.

அந்தத் தோளுக்குள்ளே ஒரு சின்னக் கிண்ணத்தில், யார் கண்ணிலும் படாமல், ஒரு பந்து மெல்ல மெல்லத் திரும்பப் பழகியிருக்கிறது!

"வாண்டு, கூரையைத் தொடறியா?" என்றார் அப்பா.

"முதல்ல பிசியோ அக்காகிட்ட கேக்கணும்," என்றேன் கறாராக.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "கைதான் சரியாயிடுச்சே, முதல்ல இந்தச் சுவத்துக்கு வெள்ளையடிங்க."

"வேலை இன்னும் முடியலையே. உச்சியில ஒரு பூ வேண்டாமா?" என்றார் அப்பா. "ஆனா, அதுக்கு நல்ல பிரஷ் வேணும்..."

அவர் குரல் இறங்கியது. அம்மா குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தார். அத்தனை பிரஷ்களும் அப்படியே இருந்தன! யாருக்கும் கொடுக்கவே இல்லை.

அப்பா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, சின்ன பிரஷ் ஒன்றை எடுத்தார். மிச்சமிருந்த சிவப்புப் பெயின்ட்டில் தோய்த்தார். அவருடைய கை மேலே, மேலே போனது.

நான் சட்டென்று தரையில் படுத்தேன். எதற்கும் குதிகாலை ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது, இல்லையா?