தடை: யாருமில்லை

டோக்கன் நாற்பத்திரண்டைக் கூப்பிட்டபோது நிதிலன் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். மனைவி மகிழினி அவன் முழங்கையைத் தட்டினாள். அவளும் அப்போதுதான் கண் விழித்திருந்தாள் என்பது கன்னத்தில் பதிந்திருந்த கைப்பை வாரின் தடத்தில் தெரிந்தது.

"நாப்பத்தி ரெண்டு நம்மதுங்க."

"நாப்பத்தி ஒண்ணு எப்பப் போச்சு?"

"எனக்கென்ன தெரியும்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. காந்திபுரத்தில் இருந்த பர்வேஸின் உதிரிபாகக் கடை நிரம்பி வழிந்தது. ஆட்டக்கணினி வாங்க வந்தவர்கள் யாரும் விளையாட்டுக்காக வந்தவர்களைப் போல இல்லை. பரீட்சை எழுத வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குடும்பம் ஃபிளாஸ்கில் கொண்டுவந்த காப்பியை மூன்றாவது சுற்று ஊற்றிக்கொண்டிருந்தது. வசதியுள்ளவர்கள் இரண்டு நாள் விடுப்பெடுத்து நன்றாகத் தூங்கிவிட்டு வருவார்கள். எல்லாம் பொருத்தமானியின் முன்னால் சுறுசுறுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

பொருத்தமானி வந்த புதிதில் இத்தனை ஆட்டம் காட்டவில்லை. ஒரு கணினிக்குள் எந்த உறுப்பு மந்தமோ, அது மற்ற எல்லா உறுப்புகளையும் இழுத்துப் பிடிக்கும். பெரிய வரைகலை அட்டையை வாங்கி, பழைய செயலியோடு சேர்த்துப் பூட்டினால், படம் வரைய வேண்டிய அட்டை பாதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். கொட்டிக் கொடுத்த காசு தண்டம். கடைக்காரர்கள் மேசையில் உறுப்புகளைப் பரப்பிப் பொருத்தமானியைக் காட்டினால், அது எந்த உறுப்பு மந்தம் என்று பெயர் சொல்லும். 'தடை: செயலி' என்று வந்தால் செயலியை மாற்றுவார்கள். அவ்வளவுதான் அதன் வேலை.

பிறகு உலோகப் பஞ்சம் வந்தது. சில்லு செய்யும் மண் குறைந்தது. எவரும் தங்களால் பயன்படுத்த முடிந்த அளவுக்கு மேல் திறனுள்ள பொருளை வாங்கக் கூடாது என்று விரயத் தடைச் சட்டம் போட்டார்கள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கோ ஓர் அதிகாரிக்கு, கணினியின் கடைசி உறுப்பு பொத்தானை அழுத்தும் மனிதன்தானே என்று தோன்றிவிட்டது. அன்றிலிருந்து ஆளையும் அளந்தார்கள். ஆட்டக்கணினியில் ஆரம்பித்து ஸ்கூட்டர், அடுப்பு, வகுப்பறை வரைக்கும் பொருத்தமானி போய்விட்டது. காலின் வேகத்துக்கு ஏற்ற ஸ்கூட்டர், பல்லின் வேகத்துக்கு ஏற்ற அடுப்பு. மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம், அடுப்புக்கு நிஜமாகவே பல்லைப் பார்த்தார்கள்.

குடும்பமாக வாங்கினால் குடும்பத்தையே அளப்பார்கள். யார் மந்தமோ அவர் பெயர் சிவப்பு எழுத்தில் தடைச்சீட்டில் அச்சாகி, வீட்டு அட்டையிலும் ஏறிவிடும். நிதிலனின் எதிர்வீட்டுக்காரர் பெயர் அப்படி ஏறியது. அவரைக் கழற்றிவிட்டால் கணினியின் தரம் இரு மடங்காகும் என்று பொருத்தமானி ஆலோசனையும் சொன்னது. பிள்ளைகள் அவருக்குப் பதிலாகத் துணையாடி என்ற செயற்கை ஆட்டக்காரனைப் போட்டுக்கொண்டார்கள். இப்போது மாலை ஆனால் அவர் மாடிப்படியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் மணி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"வாங்கண்ணா, வாங்கக்கா, உக்காருங்க" என்றான் பர்வேஸ். முப்பது வயதிருக்கும். வாரம் முழுக்க அடுத்தவர்களின் மந்தத்தை அறிவித்து அறிவித்து, கெட்ட செய்தியை மெதுவாகச் சொல்லும் ஒரு குரல் அவனுக்கு அமைந்திருந்தது. "பட்டியல் ஏதாச்சும் போட்டுட்டு வந்தீங்களா?"

நிதிலன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தான். இரண்டு வாரமாக அவன் அடித்துத் திருத்திய பட்டியல் அது. கையிலிருந்தது இரண்டு லட்சம். அந்தக் காலத்தில் அது அடிமட்டப் பட்ஜெட். செயலி நடுத்தரம், வரைகலை அட்டை கொஞ்சம் கூடுதல், நினைவுப்பட்டை இரண்டுக்குப் பதில் ஒன்று, பெட்டி பழசு.

பர்வேஸ் விரலை வைத்துப் படித்தான். "செயலி சரிங்ணா. கார்டும் சரி. ஆனா பவர் சப்ளைல கைய வைக்காதீங்க. அதுல மிச்சம் பண்ணப் போனா எல்லாத்தையும் எரிச்சுப்போடும்."

"போன தடவ அப்படித்தான் தாய்ப்பலகை எரிஞ்சுது" என்றாள் மகிழினி.

"நான் என்ன வேணும்னா பண்ணினேன்?"

"நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. எரிஞ்சுதுன்னேன்."

"பெட்டி பழசே போதும். நினைவுப்பட்ட மட்டும் ரெண்டாப் போட்டுக்கங்க, ஒண்ணு போட்டா கார்டு காத்துக் கெடக்கும்" என்றான் பர்வேஸ். "இதெல்லாம் சேத்தா ஐம்பது தரத்துல நிக்கும். என்ன ஆட்டம் ஆடுவீங்க?"

"லாரி" என்றார்கள் இருவரும்.

பர்வேஸ் சிரிக்கவில்லை. லாரி ஆட்டம் அவனுக்கும் தெரியும். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரைக்கும் சரக்கு ஏற்றிப் போகிற இருவர் ஆட்டம். ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் பக்கத்து இருக்கையில் வழியையும் சுமையையும் பார்க்க வேண்டும். சண்டை கிடையாது, சுடுவது கிடையாது. நான்கு ஆண்டுகளாக மகிழினி ஓட்ட, நிதிலன் கிளீனர்.

அவன் பேருந்து மின்னேற்று நிலையத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்புவான். அவள் ஒரு மருத்துவமனையில் நிரந்தர இரவுப் பணித் தாதி. ஏழரைக்குக் கிளம்பிவிடுவாள். இடையில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுக்குள் எதிரும் புதிருமாக நின்றால் அவர்களுக்குப் பேச வராது. சோறு எங்கே, சாவி எங்கே என்பதோடு முடிந்துவிடும். லாரியில் ஏறி, இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். இப்போது வெளியூர் விடுதியில் இருக்கும் மகளை எந்த ஊர்க் கல்லூரியில் சேர்ப்பது என்று முடிவானது ஓசூர் தாண்டி. அவன் அப்பா இறந்ததற்கு அவன் அழுதது கர்னூல் பக்கம், வெங்காய மூட்டைகளுக்கு முன்னால். கணினி செத்த இந்த இரண்டு வாரத்தில் அவர்கள் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிவிடலாம்.

"இருவர் ஆட்டத்துக்கு நாப்பத்தஞ்சு தரம் கட்டாயம் வேணும்" என்றான் பர்வேஸ். "அதுக்குக் கீழ வந்தா ஒத்தயா ஆடுறதுதான் ஓடும். உங்க பட்டியல் தாராளமாப் போதும். இனி நீங்க ரெண்டு பேரும் வரணும், அவ்வளவுதான். உக்காருங்க, அளந்துடலாம்."

அளவுப் பலகை ஒரு பள்ளிக்கூட பெஞ்சு அளவுக்கு இருந்தது. எதிரே ஒரு பச்சை விளக்கு, ஆளுக்கொரு பித்தளைத் தகடு. விளக்கு எரிந்ததும் தகட்டைத் தட்ட வேண்டும். அறுபது தடவை. வேகமாகக் காட்ட முன்கூட்டியே தட்டுபவர்களைப் பொருத்தமானி பிடித்துவிடும். மெதுவாகத் தட்டுபவர்களை அது சந்தேகப்படாது. எந்தப் பைத்தியக்காரன் வேண்டுமென்றே மெதுவாகத் தட்டுவான்?

முதல் விளக்கு எரிந்தது. டக் என்றது நிதிலனின் தகடு. ஒரு நூலிழை கழித்து மகிழினியின் தகடு.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு தடவையும் அவளுடைய சத்தம் பின்னால் வந்தது. எட்டு மணிக்குத்தான் அவள் பணி முடித்து வந்திருந்தாள். விடிய விடிய இருபத்திரண்டு படுக்கைகளுக்கு நடந்த கால், ஊசி போட்ட கை. இப்படியே போனால் சீட்டில் 'தடை: மகிழினி' என்று வரும். சிவப்பில் வரும். அவளைக் கழற்றிவிடும்படி ஓர் இயந்திரம் அவனுக்கு ஆலோசனை சொல்லும்.

பதினோராவது விளக்குக்கு நிதிலன் காத்தான். அவளுடைய டக் கேட்டபிறகு தட்டினான்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய வேகம் இன்னும் குறைந்தது. பாவம், சோர்ந்துபோகிறாள் என்று நினைத்தான். அவனும் இன்னும் கொஞ்சம் காத்தான். அவள் இன்னும் தாமதித்தாள். முப்பதாவது விளக்கு எரிந்து, அணையப் போகிற வரைக்கும் இருவர் கையும் தகட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. அவன் காதைத் தீட்டிக்கொண்டு அவளுடைய சத்தத்துக்காக உட்கார்ந்திருந்தான். கடைசி இருபது தடவையும் இரண்டு தகடுகளும் ஒரே சத்தமாகத்தான் கேட்டன.

பர்வேஸ் சீட்டைக் கிழித்து, படித்து, மறுபடியும் படித்தான். பிறகு எழுந்து நின்றுவிட்டான்.

"அண்ணா, ஏழு வருசமா இந்த மெஷின வெச்சிருக்கேன். இப்படி ஒரு சீட்டு வந்ததில்ல."

அவன் மேசைமேல் திருப்பி வைத்தான். பொருத்தம்: நூறு. தடை: யாருமில்லை.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காப்பிக் குடும்பத்து அம்மாள் கைதட்டினாள், கடை முழுவதும் தட்டியது. மகிழினி வெட்கப்பட்டாள். அவள் வெட்கப்பட்டு நிதிலன் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகவும் இருந்தது.

"கீழ ஒரு வரி இருக்குதே" என்றாள் அவள்.

பர்வேஸின் குரல் மெதுவானது. "ஆமாங்க்கா. அனுமதிக்கப்பட்ட தரம், முப்பத்தொண்ணு."

"ஐம்பதுன்னீங்களே."

"பொருள் ஐம்பதுங்க்கா. ஆளு முப்பத்தொண்ணு. ரெண்டு பேருமே முப்பத்தொண்ணு. ஒருத்தர் தடைன்னா அவர எடுத்துட்டுத் தரத்த ஏத்தலாம். இங்க எடுக்கறதுக்கு ஆளே இல்லியே." அவன் பட்டியலில் வரைகலை அட்டையை அடித்தான், செயலியை அடித்தான், இரண்டாவது நினைவுப்பட்டையையும் அடித்தான். "ஒத்த ஆட்டம் ஓடும். லாரி ஓடாது."

"மறுபடி அளங்க."

"ஒரு வருசம் ஆகோணும்ணா."

நிதிலன் மகிழினியின் பக்கம் திரும்பினான்.

"நீ ஏன் போகப் போக லேட் பண்ணுன?" என்றான் நிதிலன்.

"நீங்க லேட் பண்ணுனீங்க. அதனால."

"நான் உனக்காகக் காத்துட்டிருந்தேன்."

"நானும் உங்களுக்காகத்தாங்க. நீங்க தூங்கி விழறீங்களோ, உங்க பேரப் போட்ருவாங்களோன்னு நெனச்சேன்."

பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் இவ்வளவு இனிமையான பேச்சை அவன் கேட்டதில்லை. எதற்கும் உதவாத பேச்சும் இதுதான். அவனுக்கு அழவும் வந்தது, கொட்டாவியும் வந்தது. கொட்டாவி முந்திக்கொண்டது. அதைப் பார்த்து மகிழினிக்கும் வந்தது.

பர்வேஸுக்கு மனசு கேட்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தான்.

"ஒரு வழி இருக்குங்க்கா. தப்பா எடுத்துக்கக் கூடாது. தனித்தனிக் குடும்பம்னு எழுதிக் குடுத்தா இந்தச் சீட்டு செல்லாது, ஒரு வருசம் காக்க வேண்டாம், ஆள ஒவ்வொருத்தராத்தான் அளக்கச் சொல்லி சட்டம். பக்கத்துல யாரும் இல்லீன்னா நீங்க யாருக்காகவும் காத்துட்டு உக்கார மாட்டீங்க. ரெண்டு பேருக்கும் அறுபது வரும், நான் எழுதித் தாரேன். ஆளுக்கொரு சின்ன கணினி. ஒத்த ஆளுக்குப் பாதிப் பொருள் போதும், உங்க காசு ரெண்டுக்கும் கட்டும். லைன்ல சேந்து லாரி ஓட்டலாம். ஆனா ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாது."

"பின்ன?"

"ரெண்டாவது விலாசம் ஒண்ணு வேணும்."

"ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல எனக்கு ஒரு கட்டில் இருக்கு" என்றாள் மகிழினி. உடனே சொன்னாள். சொல்லிவிட்டுக் கணக்குப் போட்டாள். "ஆறு மணிக்கு அங்க உக்காரணும்னா வீட்ட விட்டு அஞ்சரைக்கே கெளம்பணும்."

"நான் வர்றதே ஆறுக்கு" என்றான் நிதிலன்.

"ஆமா. ஆனா ஏழரை வரைக்கும் லாரில இருப்பமில்ல. ஹாஸ்டல்ல இருந்து வார்டு பக்கம், அதனால கால் மணி நேரம் கூடுதலாவே இருக்கலாம்."

அது வாஸ்தவம்தான். அவன் பேனாவை எடுத்தான். இருபது ஆண்டுகளில் அவன் வேலை இடத்தில்கூடப் பொய் எழுதியதில்லை. பிரிந்து வாழ்கிறோம் என்று எப்படி எழுதுவது என்று கை தயங்கியது. கேள்வியைப் படித்தான்.

எதையும் அளக்காமல் விடாத சட்டம், பிரிவுக்கும் ஓர் அளவு வைத்திருந்தது. 'இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒரே நேரத்தில் விழித்திருப்பது நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு எனில், தனித்தனிக் குடும்பங்களாகக் கருதப்படுவர். ஆம் / இல்லை.'

"ஒன்றரை" என்றான் நிதிலன்.

"ஒன்றரைதான்" என்றாள் மகிழினி.

அவன் 'ஆம்' என்பதைச் சுற்றி வட்டமிட்டான். பொய் எதுவும் தேவைப்படவில்லை. அடுத்த வரியில் 'எந்தத் தேதியிலிருந்து?' என்று கேட்டிருந்தது. அவன் பேனாவை அவளிடம் நீட்டினான். மகிழினி வாங்கி, இரவுப் பணிக்கு மாறிய ஆண்டை எழுதினாள். மாதமும் தேதியும் நினைவுக்கு வரவில்லை என்றாள்.

நிதிலனுக்கு நினைவிருந்தது. அவன் சொன்னான், அவள் எழுதினாள்.