முக்காலி கேட்ட படைத்தலைவன்

வெள்ளாற்றின் நீரிலெல்லாம் செம்பஞ்சுக் குழம்பைக் கரைத்து ஊற்றிவிட்டு மாலைச் சூரியன் மறைந்த வேளையில், பாண்டியர் பாசறையின் தீப்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் கண்விழிக்க, ஒட்டுத்தாடியும் கிழிந்த முண்டாசுமாக ஒரு குதிரைக்காரன் பாசறையைவிட்டு நழுவி, கரிய புரவியொன்றைப் பிடித்தபடி எதிர்க்கரைக்கு வந்தான். அன்பு வாசகர்களே, அவன் குதிரைக்காரன் அல்லன். பாண்டியரின் குதிரைப்படைத் தலைவன் எயினன். இரகசியத்தை இத்தனை சீக்கிரம் உடைத்ததற்கு மன்னியுங்கள். எனக்கு வயதாகிவிட்டது, ஒளித்து வைத்தால் வைத்த இடம் மறந்துவிடும்.

எயினன் மார்பில் பதினேழு தழும்புகள். ஆண்டுதோறும் பாணர்கள் அவற்றை எண்ணிப் பாடுவது வழக்கம். அவற்றில் ஒன்றுகூட வலிக்கவில்லை. மூன்றாண்டுகளாக வலித்ததெல்லாம், கீறல்கூட இல்லாத இடது இடுப்பு. அரண்மனை வைத்தியர் நாடி பிடித்து, "குறையொன்றுமில்லை" என்றார். சோதிடர் சனியைக் கைகாட்டினார். மந்திரவாதி வேப்பிலையால் அடித்தான். அந்த அடி மட்டும் இரண்டு நாளில் ஆறியது. எயினன் குடித்த கஷாயம் கோட்டை அகழியையே நிரப்பும் என்பார்கள். அது மிகை, பாதி அகழிதான். கடைசியில், "போருக்குப் பயந்தவனுக்குப் பொய்வலி" என்ற பேச்சு பாசறையில் கிளம்பியது. நாளைச் சூரியோதயத்தில், ஒரே தாவலில் புரவிமேல் ஏறி, படை நடத்தும் அடையாளமாக மன்னர் கையால் போர்வெற்றிலை வாங்க வேண்டும். தவறினால் அந்தப் பேச்சே உண்மையாகிவிடும்.

ஆகவேதான், மனித வைத்தியர்களை விட்டுவிட்டு, குதிரை வைத்தியம் பார்க்கும் சேந்தியின் கொட்டகைக்கு வந்திருந்தான்.

"அம்மணி, என் குதிரைக்கு இடுப்பு வலி."

சேந்தி முக்காலி மீதேறிப் புரவியின் முதுகை அழுத்திப் பார்த்தாள். "எப்போதெல்லாம் வலிக்கிறது, ஐயா?"

"விடியலில் எழும்போது தணலை வைத்தாற்போல். படுத்தால் புரள முடியவில்லை." இத்தனை பரிவாக எவரும் கேட்டதில்லையாதலால் எயினன் தன்னை மறந்தான். "பந்தியில் சம்மணமிட்டு உட்காரவும் முடியவில்லை."

"யாருக்கு? குதிரைக்கா?"

எயினன் ஒட்டுத்தாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். புரவி தன்பாட்டுக்குக் கொள்ளு மென்றுகொண்டிருந்தது.

சேந்தி, படைத்தலைவரின் முத்திரை பொறித்த சேணத்தைக் கழற்றிப் புரட்டினாள். "குதிரைக்கு ஒரு குறையுமில்லை, கல்லும் செரிக்கும். ஆனால் சேணத்தில் வலப்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. ஏறுபவர் இடது இடுப்பைத் தூக்கியே உட்காருகிறார். தாடியை எடுத்துவிடுங்கள், படைத்தலைவரே. ஏற்கெனவே ஒரு பக்கம் தொங்குகிறது."

எயினன் கூனிக்குறுகித் தாடியை உரித்தான். "பொய்வலி என்று நீயும் சிரித்துவிடு, பெண்ணே. சில நாள் எனக்கே அந்தச் சந்தேகம் வருகிறது."

"தேய்ந்த தோல் பொய் சொல்லுமா? வலி மெய்தான். அதன் பெயர்தான் எனக்குத் தெரியவில்லை, தேடுவேன். குதிரைகள் மட்டும் பெயர் சொல்லியா நோகின்றன?"

"நாளை தாவ முடியுமா?"

"முடியாது."

பதினேழு தழும்புக்கும் கலங்காத கண்கள் கலங்கின, அதற்கும் வெட்கப்பட்டான். பிறகு முக்காலியைக் காட்டினான்.

"அதைக் கொடு. என் உடைவாள்மீது ஆணை! நாளைப் படை முழுதும் பார்க்க, மன்னரிடம் என் வலியைச் சொல்லிவிட்டு, அதில் கால்வைத்தே ஏறுவேன்."

"அதன் ஒரு கால் ஆடும். பிடித்துக்கொள்ள நானும் வருகிறேன்."

பாசறையின் வெளிச்சம் கண்டதும் எயினன் முக்காலியை மேலாடைக்குள் மறைத்தான். சேந்தி புரவியைப் பிடித்தபடி பின்னால் வந்தாள். நடு ஆற்றில் நின்று, அதை வெளியே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். முகம் மட்டும் கரையேறும்வரை எரிந்துகொண்டிருந்தது.