முப்பத்து நான்காம் நாள் கேட்ட தட்டல்

தேடுதல் கப்பலில் அவனைக் காதுக்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். கடலுக்குள் இறக்கிய மைக் அனுப்பும் சத்தத்தை விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருப்பது அவன் வேலை. விழுந்த விமானத்தின் கறுப்புப் பெட்டி நொடிக்கொரு முறை 'டிக்' என்னும். அதன் பேட்டரி முப்பது நாள் தாங்கும்.

இன்று முப்பத்து நான்காம் நாள்.

அந்த விமானத்தில் அவன் அக்கா இருந்தாள். அதை அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொல்லியிருந்தால் கரையிலேயே இறக்கிவிட்டிருப்பார்கள்.

"போதும்ப்பா. திரும்பிடலாம்," என்றார் கேப்டன்.

"ஒரே ஒரு சுத்து, சார். கால்ல வேணாலும் விழறேன்."

கேப்டன் அவன் முகத்தைப் பார்த்தார். இன்னொரு சுற்றுக்குக் கப்பலைத் திருப்பச் சொன்னார்.

வெயில் சுள்ளென்று அடித்தது. அலையே இல்லை. பதினோரு மணிக்கு அது காதில் விழுந்தது.

டிக் இல்லை. தட்டல்.

யாரோ விரலை மடக்கிக் கதவைத் தட்டுவதுபோல. மூன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

கேப்டன் ஹெட்போனை வாங்கி மாட்டினார்.

"யாருப்பா அது... கதவத் தொறங்கன்னு தட்டுறது?"

கேமராவை இறக்கினார்கள். அது அடியைத் தொட இரண்டு மணி நேரம் ஆனது. திரையில், சேற்றில் பாதி புதைந்த விமானம் தெரிந்தது. உள்ளே வரிசை வரிசையாக இருக்கைகள். எல்லா பெல்ட்டும் மாட்டியபடி, இறுக்கமாக, வயிற்றைச் சுற்றிய வளைவு மாறாமல் நின்றது.

ஆள் மட்டும் இல்லை.

ஒருவர்கூட இல்லை.

அவன் எழுந்து மேல்தளத்துக்கு ஓடினான். கம்பியைப் பிடித்துக் குனிந்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"அக்கா! ஏறி வந்துடுக்கா! வீட்டுக்குப் போலாம்!"

தண்ணீர் அசையவில்லை. கேப்டன் அவனைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்தார். கப்பல் கரையை நோக்கித் திரும்பியது.

ஒரு மணி நேரம் கழித்து இன்ஜினியர் வந்தார்.

"சார், கப்பல் ரெண்டு அங்குலம் தாழ்ந்துபோயிருக்கு."

"ஓட்டையா?"

"சொட்டுத் தண்ணிகூட உள்ள வரல. பாரம்தான் ஏறியிருக்கு."

காதுக்காரன் படியிறங்கி ஓடினான். காலிச் சரக்கறையின் இரும்புக் கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது. காதை வைத்தான். உள்ளே பல பேர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா?"

மூச்சு எல்லாம் ஒன்றாக நின்றது.

"கொஞ்சம் நகந்து உக்காருங்க," என்றது ஒரு பெண்குரல், நிதானமாக. "இன்னும் ஆள் வராங்க."

அது அக்காவின் குரல் இல்லை.