கேட்டுவிட்டுத்தான் தொடுவாள்

என் வண்டியைப் பின்னாலிருந்து யாரும் தள்ளக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தது அத்தனையும் இதை ஒட்டித்தான் நடந்தது.

கையால் பெடலைச் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி என்னுடையது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு இரண்டு காலும் போய்விட்டன. அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. ஆத்திரமெல்லாம் ஜனங்கள் மேல்தான். கடைத்தெருவில் கொஞ்சம் நின்றால் போதும், எவனாவது புண்ணியம் சேர்த்துக்கொள்ளப் பின்னால் வந்து தள்ள ஆரம்பித்துவிடுவான். எங்கே போக வேண்டும் என்று மட்டும் கேட்க மாட்டான். ஒருமுறை மருந்துக் கடை வாசலில் மாத்திரைக்காகக் காத்திருந்த என்னை, ஒரு பெரியவர் விறுவிறுவென்று தள்ளிக்கொண்டுபோய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டுக் கும்பிடு வேறு போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கே வெல்டிங் பட்டறைக்குப் போய், வண்டியின் பின்னால் இருந்த தள்ளுகம்பியை அறுத்துப் போடச் சொன்னேன்.

அந்தப் பட்டறையில்தான் காசியம்மாள் பழக்கமானாள். அவளுக்கும் இதே மாதிரி வண்டி. தியாகதுருகத்தில் வறுத்த வேர்க்கடலை விற்றாள். என்னைவிட மூத்தவள், வாய் என்னைவிடப் பெரியது. தள்ளுகம்பியை அவள் அறுக்கவில்லை. யாராவது அதில் கை வைத்தால், திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் வீசி ஓர் அடி கொடுப்பாள்.

"கேட்டுட்டுத் தொடு" என்பாள். பட்டறைக்காரருக்கும் அதே அடிதான், ஊர்ப் பெரிய மனிதருக்கும் அதே அடிதான்.

ஊருக்குச் சொன்னதை அவளும் கடைப்பிடித்தாள். என் வண்டிச் சங்கிலி கழன்று நடுரோட்டில் நின்றால்கூட, "அருளு, மாட்டி வுடட்டுமா?" என்று கேட்டு, நான் தலையாட்டிய பிறகுதான் கை வைப்பாள். என்னைக் கேட்டுவிட்டுத் தொட்ட ஆள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

போன வருடம் கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் வரைக்கும் ரோட்டை ஒட்டி ஒரு நடைபாதை போட்டார்கள். எல்லோருக்குமான பாதை என்று ஊர் எல்லையில் நீலப் பலகை வைத்து, அதில் சக்கர நாற்காலிப் படமும் வரைந்திருந்தார்கள். படிக்கட்டே கிடையாது, எல்லாம் சரிவு. திறப்பு விழா நடக்கும் முன்பே ஜனங்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வீடு கள்ளக்குறிச்சியில், தையல் கடை தியாகதுருகத்தில். தினமும் என்னையும் வண்டியையும் ஷேர் ஆட்டோவில் மூட்டை மாதிரி ஏற்றுவார்கள், இறக்குவார்கள். இனி எவன் கையும் என் மேல் பட வேண்டியதில்லை என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் காசியக்காவும் ஒரு வாரம் அதில் போட்டி போட்டு ஓட்டினோம்.

பிறகு ஓடைப்பாலத்தில் கம்பம் நட்டார்கள்.

பாதி வழியில் ஓர் ஓடை வரும். அதன் மேல் ரோட்டுக்கு ஒரு பாலமும், அதை ஒட்டி நடப்பவர்களுக்கு ஒடுக்கமான தனிப் பாலமும் கட்டியிருந்தார்கள். அந்தச் சின்னப் பாலத்தில் பைக்குகள் புகுந்து விரட்டுகின்றன என்று, அதன் வாயில் மூன்று இரும்புக் கம்பங்களை நிறுத்தினார் காண்ட்ராக்டர் வெங்கடேசன். ஆள் நுழையலாம், ஆடு நுழையலாம். எங்கள் வண்டி நுழையாது. பலகையில் எங்கள் படம். பாதையில் எங்களுக்கு இடமில்லை. பாலத்துக்கு முன்னால் ரோட்டில் இறங்கி, கரும்பு லாரிகளோடு லாரியாகப் பாலத்தைக் கடந்து, அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும். வெங்கடேசன் வீட்டு வாசலிலேயே போய் நின்று நான் சண்டை போட்டேன். பார்க்கலாம்மா என்றார்.

அவர் பார்ப்பதற்குள் காசியக்கா போய்விட்டாள். ஒரு மத்தியானம் அந்தப் பாலத்து ரோட்டில், ஒரு லாரியின் பின்சக்கரத்தில். கடலையெல்லாம் ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. பாதை இருக்கும்போதே அந்தம்மா அவசரப்பட்டு ரோட்டில் இறங்கிவிட்டது என்று வந்தவர்களிடமெல்லாம் வெங்கடேசன் சொன்னார். அதைக் கேட்டு ஊரே தலையாட்டியது.

இதற்கப்புறம் அவர் என்னைத் தேடி வந்தார் என்றால் நம்புவீர்களா? வந்தார். திறப்பு விழாவுக்கு ஒரு வீடியோ எடுக்கிறார்களாம். நான் பாதையில் ஓட்டிக்கொண்டு வந்து, எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தடையும் இல்லாத பாதை என்று ஒரு வரி சொல்ல வேண்டுமாம். அதற்காகக் கம்பங்களைப் பிடுங்கிவிட்டதாகவும் இனி நடவே மாட்டேன் என்றும் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கம்பம் போனால் கடைக்கு வழி கிடைக்கும். சரி என்றேன்.

வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று உச்சி வெயிலில் வரச் சொன்னார்கள். என்ஜினியர் செழியன், சின்னப் பையன் மாதிரி இருப்பான், வேறொருவன் ஓட்டிய பைக்கில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து போனில் படம் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போனான். பாதையில் வேறு யாரும் இல்லை. இரண்டு பக்கமும் அறுத்த கரும்புக் காட்டில் சோகை, காய்ந்த கரும்பிலை, எரிந்த நாற்றம். தூரத்தில் கல்வராயன் மலை வெயிலில் வெளுத்துப்போய்க் கிடந்தது. என் நிழல் வண்டிக்கு அடியிலேயே சுருண்டிருந்தது.

ஏரிக்கரை தாண்டியதும் அந்தச் சத்தம் கேட்டது.

கீ... கீ... கீ...

எண்ணெய் காணாத சங்கிலி. என்னுடையதுதான் என்று நினைத்தேன். பெடலை நிறுத்தினேன்.

கீ.

ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டு அது நின்றது.

நான் சுற்றினேன். அதுவும் சுற்றியது. அவ்வளவு வெயிலில் என் முதுகில் மட்டும் வியர்வை சில்லிட்டுப்போனது. எரிந்த சோகை நாற்றத்தை மீறி, சூடான மணலில் வறுத்த வேர்க்கடலையின் வாசனை வந்தது.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முன்னால் பைக்கிலிருந்து செழியன் கையை ஆட்டினான். "அக்கா, பின்னால வண்டில வராங்களே, அவங்கள கொஞ்சம் ஒதுங்கி வரச் சொல்லுங்க. படத்துல வுழறாங்க."

திரும்பிப் பார்த்தேன். ஏரிக்கரை வரைக்கும் பாதை காலியாக இருந்தது.

செழியன் போனிலிருந்து கண்ணை எடுத்து எனக்குப் பின்னால் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். மறுபடி பாதையைப் பார்த்தான்.

ஓடைப்பாலத்தின் வாயில் வெங்கடேசன் வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். கம்பங்களைப் பிடுங்கிப் புல்லில் போட்டிருந்தார்கள். குழிகளில் மண் அள்ளிப் போட்டு மூடியிருந்தது. அந்த இடம் முழுக்க மாவு மாதிரி தூசி.

வண்டியை நிறுத்தினேன். சொல்லும்மா என்றார் அவர். திரும்ப நட மாட்டேன் என்று முதலில் நீங்கள் கேமராவில் சொல்லுங்கள், பிறகு நான் சொல்கிறேன் என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"கம்பத்த பத்தி அப்புறம் பேசிக்கலாம்மா. பைக்குக்காரனுங்க பூந்துக்கினே கீறானுங்க, நான் இன்னா பண்றது? அந்தம்மா அவசரப்பட்டு ரோட்ல எறங்கிச்சு, பழி என் தலையில. நீ சொல்ல வந்தத சொல்லு."

சொல்லிக்கொண்டே எனக்குப் பின்னால் வந்தார். என் முகம் வெளிச்சத்தில் படவில்லையாம். முதுகுப் பலகையை இரண்டு கையாலும் பிடித்து, என்னைக் கேட்காமல், வண்டியைக் கேமரா பக்கம் திருப்பினார்.

பளார் என்று ஓர் அடி விழுந்தது.

அவர் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். புறங்கையில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. நான் அடித்ததாக நினைத்து என்னைத் திட்ட வாயெடுத்தவர், என் இரண்டு கையும் பெடலில் இருப்பதைப் பார்த்தார்.

கீ... கீ...

இந்த முறை அவருக்கும் கேட்டது.

அவர் இன்னும் பின்னால் போனார். போய்ப் பாதையின் விளிம்புக் கல்லின் மேல் நின்றார். முதுகுக்குப் பின்னால் ரோடு. தியாகதுருகம் பக்கமிருந்து கரும்பு ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

என் வண்டிக்குப் பக்கத்தில் தூசியில் ஒரு கோடு விழுந்தது. சக்கரத் தடம். பிறகு அதற்கு இணையாக இன்னொன்று, நடுவில் மூன்றாவது. மெதுவாக, அவசரமே இல்லாமல், அவரை நோக்கிப் போய் அவர் செருப்பு முனையிடம் வந்து நின்றது.

என் காதுக்குப் பக்கத்தில் கடலை வாசனையோடு ஒரு குரல் கேட்டது.

"அருளு. இவன தள்ளி வுடட்டுமா?"

கேட்டாள். செத்த பிறகும் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறாள்.

லாரி ஹாரன் அடித்தது. என் நாக்கின் நுனி வரைக்கும் "ம்" வந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். என்னைத் தள்ளிய அத்தனை கைகளும், ரோடு முழுக்கச் சிதறிய கடலையும் அந்த "ம்"மில் இருந்தன. விழுங்கினேன். இரக்கத்தால் இல்லை. இவர் செத்தால் மாலை போட்டுப் படம் வைப்பார்கள், பாதைக்கே இவர் பெயரை வைப்பார்கள், கம்பத்தை மட்டும் நட்டுவிடுவார்கள். எனக்கு வேண்டியது வழி.

"வேணாங்கா. கம்பம் போனா போதும்."

தடம் அங்கேயே நின்றது. லாரி அவர் முதுகை உரசுவது போல் கடந்து போனது. காற்றில் தூசி எழும்பி அடங்கியபோது தரையில் ஒரு கோடும் இல்லை.

வெங்கடேசன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் யாரிடம் வேண்டாம் என்று சொன்னேன், எதை வேண்டாம் என்று சொன்னேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து, இனி கம்பமே நட மாட்டேன் என்றார்.

சத்தியம் கொஞ்ச நாள் தாங்கியது. நான் தினமும் என் கையால் ஓட்டிக்கொண்டு கடைக்குப் போய் வந்தேன். மத்தியானத்தில் ஓடைப்பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் பின்னால் அந்தச் சங்கிலி கூடவே வரும். பயமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு நாளும் என் வண்டியை அது தொட்டதில்லை.

நேற்று செழியன் போன் செய்தான். வெங்கடேசன் ஒரு பூசாரியை வரவழைத்துப் பாலத்தில் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் கட்டிவிட்டாராம். எல்லாம் கழிந்துவிட்டது என்று பூசாரி சொல்லிவிட்டாராம். கம்பங்களை மறுபடி நடுகிறார்கள், இந்த முறை கான்கிரீட்டில். அது மட்டுமில்லை. அந்த வீடியோவில் என் முகத்துக்கு வேறு எவளோ ஒருத்தியின் குரலைச் சேர்த்து, ஒரு தடையும் இல்லாத பாதை என்று நான் சொல்வதாக ஆக்கியிருக்கிறார்கள். என் வாயைக்கூடக் கேட்காமல் தொட்டுவிட்டார்கள்.

"என்னால ஒண்ணும் பண்ண முடியலக்கா" என்று அழுதான்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. ராகு காலம் முடிந்த கையோடு, சரியாக உச்சி வேளையில் ரிப்பன் வெட்டுகிறார்கள். நேரம் குறித்தது வெங்கடேசன்தான், வெட்டப்போவதும் அவர்தான்.

இன்று மத்தியானம் போய்ப் பார்த்தேன். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பாலத்தின் வாயில் ஈரம் காயாத சிமெண்ட், அதில் மூன்று கம்பங்கள். பக்கத்து மரத்தில் எலுமிச்சம்பழம் தொங்கியது. ரிப்பனுக்கு நட்ட மூங்கிலைப் பார்த்தேன். வெட்டுகிறவர் கேமராவைப் பார்த்து நிற்பார். முதுகுக்குப் பின்னால் ரோடு இருக்கும், விளிம்புக் கல்லில் நிற்பார்.

பிறகுதான் சிமெண்டைப் பார்த்தேன்.

மழமழவென்று பூசியிருந்த அந்த ஈரத்தின் மேல் மூன்று சக்கரத் தடங்கள் போயிருந்தன. வளையவில்லை, ஒதுங்கவில்லை. நேராகக் கம்பத்தின் இந்தப் பக்கம் வரைக்கும் வந்து, கம்பத்தின் அந்தப் பக்கத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, பாலத்தைத் தாண்டிப் போயிருந்தன.

பெடலில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். நிழல் வண்டிக்கு அடியில் சுருண்டது.

கீ... கீ...

பின்னால் வந்து நின்றது. நான் திரும்பவில்லை.

"அருளு." குரலில் கோபம் இல்லை. பட்டறையில் சங்கிலி மாட்டக் கேட்பாளே, அதே குரல். "வெள்ளிக்கெழம இன்னொரு வாட்டி கேக்கட்டுமா?"

அந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன். கம்பங்களைப் பார்த்தேன்.

"கேளுக்கா" என்றேன்.