பனி சாரின் பதில்

நாகவல்லியின் அப்பாவுக்குப் பனியுகத்தின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. சித்திரை மாதம் ஆவடியே அடுப்பில் வைத்த மாதிரி கொதிக்கும். கரண்ட் போயிருக்கும். அப்பா வேர்வையில் நனைந்த பனியனைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "என்னிக்கா இருந்தாலும் பனியுகம் வரத்தான் போகுது" என்பார்.

"முதல்ல கரண்ட் வரட்டும்" என்பார் அம்மா.

அப்பாவின் பெயர் கஜபதி. ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. வீடும் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில்தான். கையில் கிடைத்த அறிவியல் புத்தகத்தை எல்லாம் படித்துவிடுவார். பூமி முன்பு பல தடவை பனி மூடிக் கிடந்தது, மறுபடியும் அப்படி ஆகும் என்பது அவர் கட்சி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அந்த ரகம். யார் என்ன சொன்னாலும் விட மாட்டார்.

குவார்ட்டர்ஸில் இதைக் கேட்க ஆள் கிடைக்கவில்லை. எதிர் வீட்டு மாமா, அப்பா வாயைத் திறந்தாலே நழுவிப்போகச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். அதனால் அப்பா இன்டர்நெட்டுக்குப் போனார்.

அது 1999ஆம் வருடம். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே கோவிந்தராஜ் என்பவர், தன் ஜெராக்ஸ் கடையின் மூலையில் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்து ‘பிரவுசிங் சென்டர்’ என்று பலகை மாட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பாவும் நாகவல்லியும் பஸ் ஏறி அங்கே போய்விடுவார்கள்.

இன்டர்நெட்டில் ‘வானும் மண்ணும்’ என்று ஒரு குழு இருந்தது. அறிவியலில் ஆசை உள்ளவர்கள் எங்கெங்கோ இருந்தபடி, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, ஒருவரோடு ஒருவர் சண்டை போடும் இடம் அது. யாரும் சொந்தப் பெயரில் எழுத மாட்டார்கள். அப்பா அங்கே ‘பனி’. அவரோடு ஓயாமல் மோதுகிறவர் ‘வெயில்’.

இரும்போடு மல்லுக்கட்டித் தடித்துப்போன விரல்கள் அப்பாவுக்கு. ஒரு எழுத்தைத் தட்டினால் மூன்று எழுத்து விழும். அதனால் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொல்லுவார். ஆறாம் வகுப்பு நாகவல்லி தட்டுவாள்.

"எழுதும்மா. வெயில் சாருக்கு வணக்கம். அது கெடக்கட்டும் சார்..."

"இன்னும் ஒண்ணுமே சொல்லலியேப்பா? அதுக்குள்ள எது கெடக்கட்டும்?"

"அவர் போன வாரம் சொன்னது கெடக்கட்டும். நீ எழுது."

வெயில் சார் அமெரிக்காவில் பெரிய பேராசிரியர் என்று அப்பா தானாகவே முடிவு செய்திருந்தார். "ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு பூமி சூடாகுதுங்கறாரு பாரு!" என்று பஸ்ஸில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் வெயில் சார் எழுதாத வாரத்தில் அப்பாவுக்குச் சோறு இறங்காது.

மே மாதக் கடைசியில் வெயில் சார் ஒரு கேள்வி கேட்டார்.

"பனி சார், பனியுகம் வராது என்று நான் சொல்லவில்லை. வரும். ஆனால் அதற்குப் பல ஆயிரம் வருடம் ஆகும். வண்டிப் புகையும் ஆலைப் புகையும் பூமியைச் சூடாக்குவது நம் கண் முன்னாலேயே நடக்கிறது. வாசலில் நிற்கும் வெயிலை விட்டுவிட்டு, என்றோ வரப்போகும் பனியைப் பற்றி ஏன் பேச வேண்டும்?"

அப்பா தலையைச் சொறிந்தார். மூக்கைச் சொறிந்தார். பதில் வரவில்லை. அதற்குள் காசு கொடுத்த நேரம் முடிந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் அப்பா தொடையில் ஓங்கித் தட்டினார். முன் சீட்டுக்காரர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்.

"புடிச்சிட்டேன்! சரியான பதில் ஒண்ணு புடிச்சிட்டேன்!"

"என்னப்பா அது?"

"இப்ப சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நீ தட்டும்போது கேட்டுக்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா இல்லை. நடுவில் ஒரு நாள், வேலை செய்துகொண்டிருக்கும்போதே அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அப்பா இறந்துபோனார்.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், போனார்கள். காரியம் முடிந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. நாகவல்லி பள்ளிக்குப் போனாள், வந்தாள். அம்மா பழக்க தோஷத்தில் மூன்று பேருக்குச் சமைத்துவிடுவார். மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றும்போது சத்தம் வராமல் அழுவார். நாகவல்லிக்கு அழுகையே வரவில்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது.

அப்பாவின் வேலை சம்பந்தமாக அம்மா பல அலுவலகங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. எல்லா இடத்திலும் இறப்புச் சான்றிதழின் நகல் கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாங்காட்டில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகும் வழியில், ஜெராக்ஸ் எடுக்க இருவரும் பூந்தமல்லியில் இறங்கினார்கள். கடையென்றால் அந்தக் கடைதான்.

"வா பாப்பா!" என்று கோவிந்தராஜ் சிரித்தார். "இன்னா, ஆளையே காணோம்? நைனா எங்க? அந்த வெயில் பார்ட்டிக்குப் பயந்துகினு ஊட்டுலயே குந்திக்கினாரா?"

அம்மா காகிதத்தை நீட்டினார். கோவிந்தராஜ் அதை மெஷினில் வைக்கக் குனிந்தவர், பெயரைப் படித்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஐயோ... எனுக்குத் தெரியாதும்மா. தெரியாம இன்னான்னமோ பேசிட்டேனே" என்றார். அவர் முகம் வெளிறிவிட்டது. அம்மாவுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ வாங்கிவரச் சொன்னார். பிறகு நாகவல்லியிடம், "பாப்பா, கம்ப்யூட்டரு சும்மாதான் கீது. கொஞ்ச நேரம் குந்து" என்றார்.

நாகவல்லி உட்கார்ந்து குழுவின் பக்கத்தைத் திறந்தாள். அது வரி வரியாக, ஆடி அசைந்து வந்தது.

"என்ன பனி சார், பதிலைக் காணோம்?" என்று வெயில் சார் எழுதியிருந்தார். அடுத்த வாரம் மறுபடியும், "பனி சார், உறைந்துபோய்விட்டீர்களா?"

"வெயில் பட்டால் பனி உருகி ஓடத்தானே செய்யும்!" என்று வேறு யாரோ சிரித்திருந்தார்கள்.

குழுவுக்கு ஒரு தலைவர் உண்டு. கடைசியாக அவர் எழுதியிருந்தார். "ஒரு மாதம் பதில் சொல்லாதவர் தோற்றவர். நம் குழுவின் வழக்கம் அதுதான். இந்த வாரமும் பதில் இல்லை என்றால், பனி தோற்றார் என்று போட்டு விவாதத்தை மூடிவிடுகிறேன்."

நாகவல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா தோற்கவில்லை! பதில் வைத்திருந்தார்! பஸ்ஸில் தொடையில் தட்டினாரே, அந்தத் தட்டு பொய்யா?

ஒரு யோசனை வந்தது. அப்பாவின் பேச்சை இதுவரை தட்டியதெல்லாம் அவள்தான். இப்போதும் தட்டினால் யாருக்குத் தெரியும்? கடகடவென்று ஆரம்பித்தாள். ‘வெயில் சாருக்கு வணக்கம். அது கெடக்கட்டும் சார்...’

அங்கே விரல்கள் நின்றுவிட்டன. அப்பா எப்படி ஆரம்பிப்பார் என்று அவளுக்குத் தெரியும். ‘பனியுகம் வரத்தான் போகுது’ என்று முடிப்பார் என்றும் தெரியும். நடுவில் என்ன சொல்லியிருப்பார்? நாகவல்லி காத்திருந்தாள். நாற்காலிக்குப் பின்னாலிருந்து குரல் வரவில்லை. இனிமேல் வராது. அந்தப் பதில் அப்பாவோடு போய்விட்டது. இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. கம்ப்யூட்டர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

அம்மா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

அழுது முடித்ததும் நாகவல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தட்டியதை அழித்தாள். தானே ஏதாவது பதிலை எழுதி அப்பா சொன்னது என்று போடலாம்தான். ஆனால் அது அப்பாவின் பதில் ஆகாதே! உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

ஆனால் கோவிந்தராஜ் அண்ணனின் முகம் வெளிறியது அவள் நினைவுக்கு வந்தது. தெரியாமல் ஒரு தடவை கேலி செய்ததற்கே அவர் அப்படி ஆகிவிட்டார். வெயில் சார் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறார்! தெரிந்தால் எவ்வளவு வருத்தப்படுவார்? கோபம் போய், முகம் தெரியாத அந்த மனிதர் மேல் அவளுக்குப் பாவமாக இருந்தது. யோசித்து யோசித்துத் தட்டினாள்.

"வெயில் சாருக்கு வணக்கம். நான் பனி சாரின் மகள் நாகவல்லி. அப்பா சொல்லச் சொல்ல இதுவரை தட்டியது நான்தான். அப்பா இறந்துவிட்டார். அதனால்தான் பதில் வரவில்லை. கேலி செய்துவிட்டோமே என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம். உங்களுக்குத் தெரியாதல்லவா? ‘உறைந்துபோய்விட்டீர்களா’ என்பதை அப்பா படித்திருந்தால் ஆவடி போய்ச் சேரும்வரை சிரித்திருப்பார். நீங்கள் எழுதாத வாரம் அவர் சரியாகச் சாப்பிட மாட்டார். உங்கள் கேள்விக்கு அவர் பதில் வைத்திருந்தார். எனக்குச் சொல்லவில்லை. அதனால், தோற்றார் என்று மட்டும் போடாதீர்கள். பூந்தமல்லி பஸ் நிலையம் எதிரே கோவிந்தராஜ் அண்ணன் கடையிலிருந்து, நாகவல்லி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. அலுவலகங்களுக்கு நகல் என்றால் அத்தனை ஆசை.

கடையில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை.

"பாப்பா, உன்னைப் பார்க்கணும்னு காலைல வந்தவங்க, இன்னும் குந்திகினு கீறாங்க" என்றார் கோவிந்தராஜ்.

அந்த அம்மா எழுந்தார். "நீதான் நாகவல்லியா?"

"ஆமா. நீங்க?"

"நான்தான்மா வெயில்."

நாகவல்லி வாயைப் பிளந்தாள். "வெயில் சாரா?"

"எல்லாரும் சார் சார்னாங்க. நானும் விட்டுட்டேன். என் பேரு ஜெகதாம்பாள். டெலிபோன் ஆபீஸ்ல வேலை. வீடு இங்கதான், நசரத்பேட்டை."

நசரத்பேட்டையா! பூந்தமல்லியைத் தாண்டினால் நசரத்பேட்டைதான்.

"அப்பா உங்கள அமெரிக்கான்னு நெனச்சாரு. ஏசி ரூம்ல இருப்பீங்கன்னு சொல்லுவாரு."

"நான் அவரை டெல்லியில கோட்டு போட்ட விஞ்ஞானின்னு நெனச்சேன்." ஜெகதாம்பாள் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "இவ்ளோ கிட்ட இருந்திருக்கோம். ஒரே ஒரு தடவை பார்த்துப் பேசியிருக்கலாம். அதை விட்டுட்டு, உறைஞ்சு போயிட்டீங்களான்னு கேட்டிருக்கேனே..."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். நாகவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்க. அப்பா அதைப் படிச்சிருந்தா, உங்களை இதைவிட மோசமா கிண்டல் பண்ணியிருப்பாரு. நான்தான் தட்டியிருப்பேன்."

அம்மா அருகில் வந்து ஜெகதாம்பாளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அது? ஞாயித்துக்கிழமை ஆனா நான் வெச்ச கறிக்குழம்பு உங்களாலதான் ஆறிப்போகும். உங்களை நல்லா கேக்கணும்னு இருந்தேன்" என்றார். ஆனால் கேட்கவில்லை. ஜெகதாம்பாளின் இன்னொரு கையை அவர் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்று ஜெகதாம்பாள் கம்ப்யூட்டரில் குழுவின் பக்கத்தைத் திறந்தார். குழுத் தலைவர் எழுதியிருந்தது மேலே இருந்தது. ‘இந்த விவாதம் மூடப்படாது. பனி சார் தோற்கவில்லை.’ அதன் கீழே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். பனி சார் என்ன பதில் வைத்திருந்திருப்பார் என்று ஆளுக்கொன்றாக யோசித்திருந்தார்கள். அவரோடு சண்டை போட்டவர்கள் எல்லாரும் இப்போது அவர் பக்கம் நின்று வாதாடியிருந்தார்கள்.

அம்மாவுக்காக நாகவல்லி சத்தமாகப் படித்தாள்.

"பெரிய எரிமலைகள் வெடித்தால் அந்தப் புகை சூரியனை மறைத்துப் பூமியைக் குளிர வைக்கும் என்று பனி சார் சொல்லியிருப்பார்."

"பனியுகத்தில் கடல் பின்வாங்கும். சென்னையில் எல்லாருக்கும் வீடு கட்ட இடம் கிடைக்கும் என்று சொல்லியிருப்பார்."

"வெயில் கூடினால் வடதுருவத்துப் பனி உருகிக் கடலில் சேரும். அதனால் கடலின் சூடான நீரோட்டம் தடைபட்டு, சில நாடுகள் குளிரத் தொடங்கலாம். ஆகவே உங்கள் வெயிலே என் பனியைக் கொண்டுவரும் என்று சொல்லியிருப்பார்."

"அந்தக் கடைசி நான் எழுதினது. எனக்கு எதிரா நானே" என்றார் ஜெகதாம்பாள்.

அம்மா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"இது ஒண்ணுகூட அவர் சொல்ற மாதிரி இல்ல."

"ஏம்மா? எல்லாமே நல்லாத்தானே இருக்கு?"

"அதைத்தான் சொல்றேன். எல்லாம் ரொம்பச் சரியா இருக்கு. உங்கப்பா இவ்ளோ சரியா சொல்ல மாட்டாரு."

ஜெகதாம்பாள்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அம்மா சிரித்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர், சிரித்துக்கொண்டே அழுதார். அப்பா போன பிறகு அம்மா சிரித்து நாகவல்லி பார்த்தது அன்றுதான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கோவிந்தராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கேட்டதற்கு மேல் நகல் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீ சொன்னதை இதுல எழுதட்டுமா?"

"எழுது. எனக்கென்ன பயம்?"

அம்மா சொன்னதை நாகவல்லி ஒரு எழுத்து மாற்றாமல் தட்டிக் குழுவுக்கு அனுப்பினாள். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருகிற அந்தக் குழுவில், அதற்கு மட்டும் ஒருவர்கூட மறுப்பு எழுதவில்லை.